ஸ்பீக்கரை மாற்றும் முன் அறையை அளந்து பாருங்கள்: டிஜிட்டல் ஒலித் திருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஸ்பீக்கரின் ஒலியை மென்பொருளால் சீராக்குவது பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் செய்து பார்த்து, கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன். முதல் தடவை செய்பவருக்கும் புரிய வேண்டும் என்பதால் சில இடங்களில் நிதானமாக விளக்கியிருக்கிறேன்.

இந்த மென்பொருள் உண்மையில் என்ன செய்கிறது?

நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு மைக்கை வைத்து, ஸ்பீக்கரின் ஒலி அங்கே எப்படி வந்து சேர்கிறது என்று அளக்கிறது. எந்த அதிர்வெண் கூடுதலாக வருகிறது, எது குறைந்து வருகிறது என்பது ஒரு வரைபடமாகக் கிடைக்கும். அதை வைத்து ஒரு ஃபில்டர் தயாராகும். பாட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன் இந்த ஃபில்டரைக் கடந்து போகும். அறை எங்கே 10 டெசிபெல் கூட்டுகிறதோ, அங்கே ஃபில்டர் முன்கூட்டியே குறைத்து அனுப்பிவிடும். இரண்டும் சேர்ந்து உங்கள் காதுக்கு வரும்போது சரியாகியிருக்கும்.

நல்ல ஸ்பீக்கர்தான் வைத்திருக்கிறேன். எனக்கு எதற்கு இது?

ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு அறையினுடையது. அந்தப் பகுதியில் ஒலியின் அலைநீளம் அறையின் அளவுக்கே வந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அப்படிப்பட்ட அலை எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பி, தன்மீதே வந்து சேரும்போது சில இடங்களில் பெருகிவிடும், சில இடங்களில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். இதுதான் அறையின் ஒத்ததிர்வு. ஒலி ஆர்வலர்கள் 'ரூம் மோட்' என்பார்கள்.

கணக்கு எளிது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்துக்கான முதல் ஒத்ததிர்வு கிடைக்கும். என் அறையின் நீளம் 4.2 மீட்டர், 343-ஐ 8.4-ஆல் வகுத்தால் 41. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை அப்படியே மீட்டினால் வருவதும் 41 ஹெர்ட்ஸ்தான். அதனால் அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் அறை கும்மென்று அதிரும். அடுத்த கம்பியின் 55 ஹெர்ட்ஸுக்குப் போனால் எல்லாம் இயல்பாகிவிடும். இரண்டு ஜோடி ஸ்பீக்கர் மாற்றியும் அந்தக் கும்மல் போகவில்லை. மைக் வைத்து அளந்த அன்றுதான், 41-இல் 11 டெசிபெல் உயரத்துக்கு நின்ற மேட்டைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு ஜோடியிலும் குறை ஏதும் இருந்திருக்கவில்லை.

காதால் கேட்டே ஈக்வலைசரைத் திருப்பிக்கொண்டால் போதாதா?

ருசிக்குத் தகுந்தபடி பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்க அது போதும். அறையின் மேடுகளுக்குப் போதாது. வழக்கமான பத்துப் பட்டை ஈக்வலைசரில் கீழ்ப்பக்கம் 31, 62, 125 ஹெர்ட்ஸ் என்று பட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயி அகலம். 41 ஹெர்ட்ஸ் மேட்டைக் குறைக்க 31-ஐயும் 62-ஐயும் இறக்கினால், தவறே செய்யாத சுரங்களும் சேர்ந்து அமுங்கிவிடும். மேடு இருக்கும் இடத்தையும் அதன் அகலத்தையும் குறிவைத்துக் குறைக்கிற பாராமெட்ரிக் ஃபில்டர்தான் வேண்டும். எங்கே குறிவைப்பது என்று அளவுதான் சொல்லும்.

என்னென்ன தேவைப்படும்?

ஒரு கணினி, ஓர் அளவு மைக், ஒரு மைக் ஸ்டாண்ட். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அளப்பது, ஃபில்டர் கணக்கிடுவது இரண்டையும் அதுவே செய்யும். கிடைத்த ஃபில்டரை விண்டோஸில் 'ஈக்வலைசர் ஏபிஓ' மூலம் ஓட்டலாம். 'கமில்லா டிஎஸ்பி' மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியில் வைத்துப் பலர் ஓட்டுகிறார்கள்.

மைக்கில் மட்டும் சமரசம் வேண்டாம். ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனியாக அளந்து தந்த திருத்தக் கோப்போடு வருவதை வாங்குங்கள். மினிடிஎஸ்பியின் யூமிக்-1 அப்படிப்பட்டது. யூஎஸ்பியில் செருகினால் போதும், வரிசை எண்ணைக் கொடுத்துக் கோப்பைத் தரவிறக்கிக்கொள்ளலாம். கைப்பேசியின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேஸ் பகுதியில் அது சரியாகக் கேட்காது, பின்னணிச் சத்தத்தை நீக்குகிறேன் என்று தானாகவே ஏதாவது செய்யவும் கூடும். அதை நம்பி ஃபில்டர் போட்டால் மைக்கின் குறையையும் சேர்த்துப் பாட்டில் ஏற்றிவிடுவோம்.

மைக்கை எங்கே வைத்து, எப்படி அளப்பது?

இதில் காட்டும் பொறுமைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணினியில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஈக்வலைசர், 'ஒலி மேம்பாடு' வகையறாக்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மின்விசிறி, ஏசி வேண்டாம். நீங்கள் உட்காரும்போது உங்கள் தலை எங்கே இருக்குமோ அங்கே, காது உயரத்தில், ஸ்டாண்டில் மைக்கைப் பொருத்துங்கள். கையில் பிடிக்காதீர்கள். மைக்கோடு இரண்டு திருத்தக் கோப்புகள் இருந்தால், ஸ்பீக்கரை நோக்கி வைக்கும்போது 0 பாகைக் கோப்பு, கூரையை நோக்கி வைக்கும்போது 90 பாகைக் கோப்பு. பேஸ் பகுதிக்கு எதை வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. உச்சப் பகுதியில் மாற்றி வைத்தால் வரைபடமே சாய்ந்துவிடும்.

அளக்கும்போது தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சம் வரை வழுக்கிக்கொண்டே போகும் ஒரு நீண்ட ஒலி வரும். முதல் தடவை சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள், உச்ச ஒலியைத் தரும் சின்ன உறுப்பான ட்வீட்டர் பத்திரமாக இருக்கும். அப்புறம் மைக் இருக்கும் இடத்தில் 75 முதல் 80 டெசிபெல் வரும்படி ஏற்றிக்கொள்ளுங்கள். இடது ஸ்பீக்கர் தனியாக, வலது தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து.

ஓர் இடத்தில் அளந்ததோடு நிறுத்தாதீர்கள். தலையின் நடு இடத்திலிருந்து இடப்பக்கம், வலப்பக்கம், முன்னால், பின்னால் என்று 20, 30 சென்டிமீட்டர் நகர்த்தி அளந்து, சராசரி எடுங்கள். எல்லா இடத்திலும் தெரிகிற மேடு அறையினுடையது, அதைத் திருத்தலாம். ஓர் இடத்தில் தெரிந்து, ஒரு சாண் தள்ளிப்போனால் மறைந்துவிடுகிற மேட்டைத் திருத்தினால், நீங்கள் தலையைச் சற்றுச் சாய்த்ததும் அந்தத் திருத்தமே ஒரு புதுக் குறையாகக் கேட்கும்.

வரைபடம் மலைத்தொடர் மாதிரி இருக்கிறது. என் அறை அவ்வளவு மோசமா?

இல்லை. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 டெசிபெல் மேலும் கீழும் போவது சாதாரண வீட்டு அறைகளில் சகஜம். உச்சப் பகுதியில் தெரியும் நூற்றுக்கணக்கான முட்களைக் காது தனித்தனியாகக் கேட்பதில்லை. அங்கே வரைபடத்தை மழுங்கடித்துப் பார்ப்பதுதான் சரி. பேஸ் பகுதியை மட்டும் மழுங்கடிக்காமல் பாருங்கள்.

மேடுகளைக் குறைக்கச் சொல்கிறீர்கள். பள்ளங்களை ஏன் நிரப்பக் கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆழமான, குறுகலான பள்ளம் என்பது ஒலி குறைவாக வந்ததால் உண்டானதல்ல. ஸ்பீக்கரிலிருந்து நேராக வந்த ஒலியும், சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியும் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொண்ட இடம் அது. அங்கே 10 டெசிபெல் கூட்டினால் நேர் ஒலி கூடும், திரும்பி வரும் ஒலியும் அதே அளவு கூடும். மறுபடியும் இரண்டும் அழிந்துபோகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். இதற்கிடையில் ஆம்ப்ளிஃபயர் அந்த அதிர்வெண்ணில் பத்து மடங்கு திறனைக் கொடுத்துக்கொண்டிருக்கும். 3 டெசிபெல்லுக்கு இரண்டு மடங்கு, 6-க்கு நான்கு, 10-க்குப் பத்து என்பதுதான் கணக்கு. பேஸைத் தரும் பெரிய உறுப்பான வூஃபர் தேவையில்லாமல் முன்னும் பின்னும் அலையும். உங்கள் இருக்கையில் பள்ளம் அப்படியே இருக்க, அறையின் வேறு மூலையில் அந்தச் சுரம் இடியாகக் கேட்கும்.

பள்ளத்துக்கு மருந்து இடம் மாற்றுவது. ஓர் உதாரணம். ஸ்பீக்கரின் முகம், ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டு வரும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. 86 ஹெர்ட்ஸுக்கு அது சரியாக அரை அலைநீளம், அதனால் அங்கே பள்ளம் விழும். ஸ்பீக்கரைச் சுவரோடு நெருக்கி, அந்தத் தூரத்தை 30 சென்டிமீட்டராக்கினால் பள்ளம் 286 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும். அந்த உயரத்தில் ஸ்பீக்கர் பின்பக்கம் அனுப்பும் ஒலி குறைவு என்பதால் பள்ளமும் ஆழம் குறைந்துபோகும். சுவருக்கு அருகே வந்ததால் பேஸ் கூடும். கூடியதைக் குறைக்கத்தான் ஃபில்டர் இருக்கிறதே! கூட்டுவதை விடக் குறைப்பது எப்போதும் பத்திரம்.

இருக்கையை நகர்த்துவதும் அவ்வளவே பலன் தரும். அறையின் நீளத்தில் சரிபாதியில் உட்கார்ந்தால் முதல் ஒத்ததிர்வு அங்கே காணாமல் போகும்; உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் எல்லாம் பெருகிக் கேட்கும். அரை மீட்டர் முன்னே நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். எந்த ஃபில்டரும் தராத மாற்றம் சில சமயம் அந்த அரை மீட்டரில் கிடைக்கும்.

அகலமான, மேலோட்டமான பள்ளம் வேறு. அதை 2, 3 டெசிபெல் தூக்கிவிடலாம், தப்பில்லை.

எந்த அதிர்வெண் வரை திருத்தலாம்?

என் தீர்ப்பு: சாதாரண வீட்டு அறையில் 250, 300 ஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள். அறை ஆட்சி செய்யும் பகுதி எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு; ஷ்ரோடர் அதிர்வெண் என்பார்கள். அறையின் எதிரொலி அடங்கும் நேரத்தை நொடியில் எடுத்து, கன மீட்டரில் உள்ள கொள்ளளவால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2000-ஆல் பெருக்க வேண்டும். 40 கன மீட்டர் அறையில் எதிரொலி 0.4 நொடியில் அடங்கினால் 200 ஹெர்ட்ஸ் வரும்.

அதற்கு மேலே காதும் மைக்கும் வேறுவேறு விதமாகக் கேட்கின்றன. நமது காது, முதலில் வந்து சேரும் நேர் ஒலியை வைத்தே ஸ்பீக்கரின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சுவர்களிலிருந்து சற்றுப் பின்னால் வருவதை அறையின் குணமாகப் பிரித்து வைத்துவிடுகிறது. மைக்குக்கு அந்த விவேகம் கிடையாது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே கோடாகப் போட்டுவிடும். அந்தக் கோட்டை நேராக்கப் போய், சரியாக இருந்த நேர் ஒலியைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பாடகரின் குரல் மூக்கடைத்த மாதிரி ஆவதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் வரைபடம் நேர்கோடாக வர வேண்டாமா?

வேண்டாம். அறையில் அளக்கும்போது தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சம் வரை மெதுவாகச் சரிந்து இறங்கும் கோடுதான் இயல்பாகக் கேட்கிறது. திறந்த வெளியில் நேர்கோடாக ஒலிக்கும் நல்ல ஸ்பீக்கரை அறைக்குள் வைத்தால் இப்படித்தான் சரியும். 1974-லேயே ஒலி அளவுக் கருவிகள் செய்யும் ப்ரூவல் அண்ட் கியேர் நிறுவனம் இப்படிச் சரியும் ஒரு கோட்டைப் பரிந்துரைத்தது. 2009-இல் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஓலிவும் சக ஆய்வாளர்களும் பல அறைத் திருத்த முறைகளைக் கேட்பவர்களிடம் மறைத்து வைத்து ஒப்பிட்டார்கள். சீராகச் சரியும் கோடு விரும்பப்பட்டது. திருத்தமே செய்யாத ஒலியை விடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய திருத்தமும் அதில் இருந்தது. மென்பொருள் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கைப்பட ஃபில்டர் போடுவது எப்படி இருக்கும்?

என் அறையில் போட்டதையே சொல்கிறேன். 41 ஹெர்ட்ஸில் 9 டெசிபெல் குறைப்பு, க்யூ மதிப்பு 5. அதே நீளத்தின் இரண்டாம் ஒத்ததிர்வான 82 ஹெர்ட்ஸில் 5 டெசிபெல் குறைப்பு, க்யூ 6. 130 பக்கம் இருந்த அகலமான வீக்கத்துக்கு 3 டெசிபெல் குறைப்பு, க்யூ 2. மூன்றே ஃபில்டர். க்யூ என்பது ஃபில்டர் எவ்வளவு குறுகலானது என்பதற்கான எண். பெரிதாக ஆகக் குறுகும். மேடு 11 டெசிபெல் இருந்தும் 9 மட்டும் குறைத்ததற்குக் காரணம், பேஸ் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும் என்று விட்டதுதான்.

மேட்டின் மையமும் அகலமும் ஃபில்டரோடு சரியாகப் பொருந்தினால் இன்னொரு நன்மை உண்டு. ஒத்ததிர்வால் வரும் மேடு வெறும் உயரம் மட்டுமல்ல, அந்தச் சுரம் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும் ஒரு நீட்சி. பொருத்தமான குறைப்பு அந்த நீட்சியையும் உங்கள் இருக்கையில் சுருக்கிவிடும். டிரம்ஸ் அடி விழுந்ததும் நிற்கிற அந்தத் தெளிவு, முதல் தடவை கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டுகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் சுரம் சுரமாக நடப்பது அன்றுதான் கேட்டது.

எஃப்ஐஆர் ஃபில்டர் என்கிறார்களே, அது மேலானதா?

வேறு வேலைக்கு. மேலே சொன்ன பாராமெட்ரிக் ஃபில்டர்கள் மிகச் சிறிய கணக்குகள். எஃப்ஐஆர் என்பது ஆயிரக்கணக்கான எண்களின் வரிசை. ஒலியளவை மட்டுமல்லாமல், வெவ்வேறு அதிர்வெண்கள் வந்து சேரும் நேரத்தையும் திருத்த அதனால் முடியும். இடது, வலது ஸ்பீக்கர்களை நுணுக்கமாக ஒத்துப்போக வைக்கலாம். அக்கூரேட், ஆடியோலென்ஸ் போன்ற மென்பொருள்கள் இந்த வழியில் போகின்றன.

ஆனால் அளவு மீறினால் டிரம்ஸ் அடி விழுவதற்கு முன்பே அதன் நிழல் கேட்கும். ஒரு கிளிக் சத்தத்துக்கு முன்னால் மெல்லிய உறிஞ்சல் மாதிரி. இயற்கையில் எந்த ஒலிக்கும் முன்னோட்டம் கிடையாது என்பதால் காது அதை உடனே கண்டுகொள்ளும். முதல் ஆறு மாதம் பாராமெட்ரிக்கோடு இருங்கள். எஃப்ஐஆர் போட்டால், பாட்டின் மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளந்து பதியப்பட்டிருக்கிறது என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸா 48-ஆ என்று பார்த்து அதற்கேற்ற ஃபில்டரை வையுங்கள்.

என் ரிசீவரிலேயே தானியங்கித் திருத்தம் இருக்கிறது. அது போதுமா?

பெரும்பாலும் போதும், கொஞ்சம் கட்டுப்படுத்தினால். ஆடிஸி என்ற திருத்த முறை உள்ள ரிசீவர் என்றால், அதற்கான எடிட்டர் செயலியில் திருத்தம் எந்த அதிர்வெண்ணோடு நிற்க வேண்டும் என்று வரையறுக்கலாம். 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அது வேண்டுமென்றே போடும் பள்ளத்தையும் அணைத்துவிடலாம். குரல் முன்னால் வந்து நிற்கும். டிராக் லைவ் என்ற இன்னொரு திருத்த முறையிலும் திருத்தத்தின் எல்லையை இழுத்து வைத்துக்கொள்ளலாம். அதில் 500 ஹெர்ட்ஸ் வரை மட்டும் திருத்தும் பதிப்பும் உண்டு. பலருக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

சப்வூஃபர் இருந்தால்?

முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள், ஃபில்டர் அப்புறம். ஒலி 1 மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிநொடி ஆகும். சப்வூஃபரும் ஸ்பீக்கரும் கைமாற்றிக்கொள்ளும் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் ஒன்றாக வந்து சேராவிட்டால், அங்கே ஒரு பள்ளம் விழும். தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, 80-ஐச் சுற்றி ஒலி அதிகமாக நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். ரிசீவர் சப்வூஃபரின் தூரத்தை நிஜத்தை விட அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள்ளேயே ஏற்படும் தாமதத்தையும் அது சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறது.

திருத்தியபின் ஒலி மெலிந்துவிட்ட மாதிரி இருக்கிறதே?

இரண்டு காரணம். குறைப்பதால் மொத்தச் சத்தமே இறங்கியிருக்கும். சத்தம் அதிகமுள்ளதே நன்றாக இருப்பதாகக் காது நினைக்கும். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அடுத்தது பழக்கம். வருடக்கணக்கில் அந்தக் கும்மலோடு கேட்டவருக்கு அது போனதும் ஏதோ குறைகிற மாதிரிதான் இருக்கும். ஒரு வாரம் விடுங்கள். அதன்பிறகு ஃபில்டரை அணைத்துப் பாருங்கள். அப்போதும் மெலிவாகத் தோன்றினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டு மூன்று டெசிபெல் மொத்தமாகத் தூக்கிக்கொள்ளுங்கள்.

டிஜிட்டலில் கைவைத்தால் ஒலித்தரம் கெடாதா?

இன்றைய மென்பொருள்கள் போதுமான துல்லியத்தோடு கணக்குப் போடுகின்றன; அதில் இழப்பது காதுக்கு எட்டாது. கவனிக்க வேண்டியது உச்ச வரம்பை. எங்காவது 3 டெசிபெல் கூட்டியிருந்தால், மொத்தத்தில் 3 டெசிபெல்லாவது முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

இது ஸ்பீக்கருக்குக் கெடுதல் செய்யுமா?

குறைப்பது செய்யாது. ஸ்பீக்கரால் இயல்பாகவே தர முடியாத ஆழத்துக்குத் தூக்கினால் செய்யும். குறிப்பாகக் காற்றுத் துளை உள்ள பெட்டிகளில், அந்தத் துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே வூஃபரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அங்கே கூட்டவே கூடாது.

படம் பார்க்கும்போது உதட்டசைவு பிந்துமா?

பாராமெட்ரிக் ஃபில்டரில் கவலை இல்லை. எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதிக்கும் நீளமான 'நேர்கட்ட' எஃப்ஐஆரில் வரும். 48 கிலோஹெர்ட்ஸில் 65,536 எண்கள் கொண்ட ஃபில்டர் ஏறக்குறைய 0.7 நொடி தாமதப்படுத்தும். உதடு முதலில் அசையும், பேச்சு பின்னால் வரும். படத்தையும் அதே அளவு தாமதிக்க வழியில்லை என்றால், படத்துக்கு வேறு ஃபில்டர் வையுங்கள்.

மென்பொருள் இருந்தால் திரைச்சீலை, கம்பளம் எல்லாம் வேண்டாமா?

வேண்டும். கை தட்டினால் கணகணவென்று எதிரொலிக்கும் வெற்று அறையை எந்த ஃபில்டராலும் அடக்க முடியாது. ஸ்பீக்கரை விட்டுக் கிளம்பிய ஒலி மோதித் திரும்புவதைக் குறைப்பது துணி, கம்பளம், புத்தக அடுக்கு, மெத்தை இருக்கை இவற்றின் வேலை. அதே சமயம் 41 ஹெர்ட்ஸை உறிஞ்ச மெல்லிய திரைச்சீலையால் முடியாது. அங்கே ஃபில்டர்தான் கைகொடுக்கும்.

பக்கத்து இருக்கையில் உட்காருபவருக்கும் நன்றாகக் கேட்குமா?

எல்லா இருக்கையிலும் அளந்து, பொதுவாக இருக்கும் மேடுகளை மட்டும் குறைத்தால் எல்லோருக்கும் முன்பைவிட நன்றாகக் கேட்கும். ஒரு தலைக்கு மட்டும் துல்லியமாகத் திருத்தினால் மற்றவருக்குச் சில சுரங்கள் கெடலாம். குடும்பமாகக் கேட்கும் அறை என்றால் முதல் வழிதான் சரி. இரண்டு சப்வூஃபர்களை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது, இருக்கைக்கு இருக்கை உள்ள பேஸ் வித்தியாசத்தை நன்றாகக் குறைக்கும்.

மறுபடி எப்போது அளக்க வேண்டும்?

ஸ்பீக்கரோ சோபாவோ இடம் மாறினால், பெரிய அலமாரி வந்தால் அல்லது போனால். மற்றபடி தேவையில்லை. ஸ்பீக்கரின் இடத்தைத் தரையில் சின்ன ஒட்டுநாடாத் துண்டால் குறித்து வையுங்கள். பெருக்கித் துடைக்க நகர்த்தினாலும் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடலாம். முதல் அளவுக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த தடவை அளக்கும்போது எது மாறியது என்று ஒப்பிட அது வேண்டியிருக்கும்.